ஸ்பேனர் அப்புறம், டயல் முதலில்

கண்ணு,

கணபதியில் ஒரு ஷெட்டைக் காலி செய்தபோது நாலரை அடி லேத் ஒன்றை மலிவாகப் பிடித்து, வீட்டு போர்ட்டிகோவில் இறக்கிவிட்டாய் என்று உங்கம்மா சொன்னாள். கார் தெருவில் வெயிலில் காய்கிறதாம். அது அவள் வருத்தம். என் வருத்தம் வேறு. மெஷின் வந்த வாரமே ஹெட்ஸ்டாக்கைப் பிரித்துப் புது பேரிங் போடப் போகிறாய் என்கிறாயே, அதுதான். ஏன் என்று கேட்டால், "டேப்பர் அடிக்குதுங்க அப்புச்சி, வேலையில கோடு கோடா விழுது, சத்தமும் வருது" என்கிறாய். இந்த மூன்றுக்கும் பேரிங்தான் காரணம் என்று யார் சொன்னது? சொன்னவர் உன் லேத்தை ஒரு தடவையாவது தொட்டுப் பார்த்தாரா?

ஆர்டரை நிறுத்து. ஸ்பேனரை எல்லாம் டப்பாவில் போட்டு மூடு. மேக்னட் ஸ்டாண்டும் டயல் கேஜும் உன்னிடம் இல்லையென்றால் அதற்கு மட்டும் காசு செலவழி.

பீளமேட்டுப் பட்டறைகளில் வயிறு வளர்த்தவன் நான். தேய்ந்து கெட்ட லேத்தைவிட, ஆளுக்கு ஆள் திருகித் திருகிக் கெடுத்த லேத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். குறை கண்ணில் படுகிற இடம் ஒன்றாக இருக்கும், அது பிறக்கிற இடம் வேறொன்றாக இருக்கும். இளவயதில் கை துருதுருக்கும். கண்ணில் படுகிற இடத்திலேயே கை வைக்கத் தோன்றும். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் கட்டிப் போடத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் மெஷினைப் படி. பிளேட்டில் என்ன பெயர் இருக்கிறது? பட்டாலாவா, ராஜ்கோட்டா, நம்ம ஊர்ச் சரக்கா? ஹரிஹரில் கிர்லோஸ்கர்காரர்கள் 1941 வாக்கிலேயே லேத் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். 1953-இல் எச்.எம்.டி. தொடங்கியபோது, சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் கம்பெனி கைகொடுக்க, பெங்களூரில் அவர்கள் முதலில் இறங்கியதும் லேத் வேலையில்தான். அந்தக் காலத்து வார்ப்பு இன்றும் பல ஷெட்டில் உழைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் பெயரைப் பார்த்து மயங்காதே. புதுப் பெயின்ட் அடித்த லேத் என்றால் எனக்கு உடனே சந்தேகம் வரும். பெயின்ட் அடிக்காத இடம் ஒன்றுதான் உண்டு, பெட். அதைப் பார்.

மண்ணெண்ணெய்த் துணியால் பெட்டை வழித்துத் துடைத்துவிட்டு, வெளிச்சம் சாய்வாக விழும்படி நின்று பார். சக்குக்குப் பக்கத்தில் ஒரு அடி தூரம் மட்டும் மற்ற இடத்தைவிட அதிகமாக மினுக்கும். அந்த இடத்தின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தால் சின்னதாக ஒரு படி தட்டுப்படும். எந்தப் பட்டறையிலும் குட்டை வேலைதான் அதிகம் வரும். கேரேஜ் காலமெல்லாம் சக்குக்குப் பக்கத்திலேயே போய்வந்து அந்த ஒரு அடியைத் தின்றிருக்கும். டெயில்ஸ்டாக் பக்கம் இன்னும் புதுசாகவே இருக்கும். இது புரியாமல் சக்குக்குப் பக்கத்தில் சேடிலை வைத்துக்கொண்டு, ஆடுகிறதே என்று அடியில் உள்ள கீப் பிளேட்டை இறுக்கினால், கேரேஜ் நடுப் பெட்டைத் தாண்டும்போது கவ்விக்கொள்ளும். அப்புறம் அதை ஹேண்ட் வீலில் பலம் கொடுத்துத் தள்ளுவாய். ஏப்ரனுக்குள் பல் தேயும். கிராஸ் ஸ்லைடும் இப்படித்தான். கிப் ஸ்க்ரூவைத் தேயாத முனையில் வைத்து இறுக்கு. தேய்ந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டம் இருந்துவிட்டுப் போகட்டும்.

"இருந்துவிட்டுப் போகட்டும்" என்று சொல்ல எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. வயசுப் பிள்ளைகளுக்கு எல்லாம் புதுசு போல ஆகிவிட வேண்டும். பெட்டைக் கழற்றி கிரைண்டிங்குக்கு அனுப்பு, புது நட் போடு, புது ஸ்க்ரூ போடு. நீ வாங்கின விலையைப் போல இரண்டு மடங்கு அங்கே போய்விடும். கிராஸ் ஸ்லைடு ஸ்க்ரூவில் கால் சுற்றுக்குக் குறைவான பேக்லாஷ் இருந்தால் அதனால் ஒரு வேலையும் கெடாது. எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து டயலை எடுத்துவா; தாண்டிவிட்டால் ஒரு சுற்று பின்னால் போய்விட்டுத் திரும்ப வா. அவ்வளவுதான் அதற்கு வைத்தியம். தேய்ந்த மெஷினில் எங்கே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தவன், புது மெஷினை நம்பி நிற்பவனைவிட நல்ல வேலை எடுப்பான்.

சரி, டேப்பருக்கு வருகிறேன்.

40 மி.மீ. எம்.எஸ். ராடு ஒன்றை 150 மி.மீ. வெளியே நீட்டிச் சக்கில் பிடி. டெயில்ஸ்டாக் சென்டர் கொடுக்காதே. அது வந்தால் அதன் குறையும் சேர்ந்து வரும். ராடின் நடுப்பகுதியைக் கடைந்து பள்ளமாக்கி, சக் ஓரத்தில் ஒரு வளையம், நுனியில் ஒரு வளையம் விட்டுவை. சாணை பிடித்த கூரான டூல், கடைசி வெட்டு 0.1 மி.மீ.க்கு மேல் வேண்டாம். கிராஸ் ஸ்லைடைத் தொடாமல் ஆட்டோ ஃபீடில் ஒரே ஓட்டமாக இரண்டு வளையத்தையும் எடு. இப்போது மைக்ரோமீட்டர் வை.

நுனி வளையம் பெரிதாக இருக்கிறது என்று வைத்துக்கொள். டூல் அங்கே போகும்போது உன் பக்கம் விலகியிருக்கிறது என்று அர்த்தம். ஏன் விலகும்? பெட் முறுக்கிக்கொண்டு, டெயில்ஸ்டாக் பக்கத்து முன்கால் தாழ்ந்திருந்தால், சேடில் அங்கே போனதும் உன் பக்கம் சாயும். டூல் முனை பெட்டுக்கு மேலே இருப்பதால் சாய்வு அங்கே பெருசாகத் தெரியும். அந்த முன்காலின் அடியில் ஒரு ஷிம் தகடு கொடுத்து மறுபடியும் ஒரு வெட்டு எடு. நுனி சின்னதாக இருந்தால் நேர்மாறு, பின்காலுக்குக் கொடு. 150 மி.மீ. நீளத்தில் 0.02 மி.மீ.க்குள் வந்துவிட்டால் வீட்டுப் பட்டறைக்கு அது போதும். ஃபவுண்டேஷன் போல்ட்டை முறுக்கித் தள்ளிவிடாதே. இறுக்குவதிலேயே பெட் திரும்பவும் முறுக்கும். ராத்திரி அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் காலையில் இன்னொரு தரம் பார்.

உன் போர்ட்டிகோ தரையை நான் பார்த்திருக்கிறேன். மழைத் தண்ணீர் ஓட கேட் பக்கம் வாட்டம் கொடுத்து டைல்ஸ் ஒட்டியிருக்கிறது. அந்தச் சரிவைப் பற்றிப் பயப்படாதே. லேத் சரிவில் நின்றால் குற்றமில்லை, முறுக்கி நின்றால்தான் குற்றம். கப்பலுக்குள்ளே பட்டறை வைத்து லேத் ஓட்டுகிறார்கள். அலையில் ஆடும் கப்பலுக்கு மட்டம் ஏது? மட்டப் பலகை வைக்கச் சொல்வது, இரண்டு முனையிலும் குமிழி ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கத்தான். மேஸ்திரி வைத்திருக்கும் கொத்துவேலை மட்டம் இதற்கு ஆகாது, மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் மெஷின் லெவல் வேண்டும். அது கிடைக்காவிட்டாலும் நான் சொன்ன இரண்டு வளையமே போதும். டைல்ஸைப் பற்றி மட்டும் எனக்குக் கவலை. அடியில் பொந்தாக இருக்கும், கால் பட்ட இடம் நொறுங்கும். நாலு கால் இடத்திலும் டைல்ஸை எடுத்துவிட்டுக் கான்கிரீட்டில் நிறுத்து. உங்கம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பெட் முறுக்கு எடுத்த பிறகும் டேப்பர் அடித்தால்தான் ஹெட்ஸ்டாக்கின் நேரைப் பற்றி யோசிக்க வேண்டும். சென்டருக்குச் சென்டர் கடையும்போது மட்டும் டேப்பர் வந்தால் டெயில்ஸ்டாக். அதன் பக்கவாட்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி நகர்த்து. இந்த வரிசையை மாற்றினால், முறுக்கின பெட்டுக்கு டெயில்ஸ்டாக்கைக் கோணலாக்கி ஈடு கட்டுவாய். ஒரு வேலைக்குச் சரியாக வரும். நீளம் மாறினதும் திரும்பவும் டேப்பர் அடிக்கும். பழைய லேத்துகளில் பாதிச் சிக்கல் இப்படி முந்தின ஆள் கட்டிய ஈடுதான். அதனால்தான் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடு என்கிறேன். தொடும் முன் மார்க்கரில் கோடு போடு. எத்தனை சுற்று திருப்பினாய் என்று எழுது. பலன் தெரியவில்லையா, இருந்த இடத்துக்கே கொண்டுவந்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போ.

கோடு கோடாக விழுகிறது என்கிறாயே, அதற்கு பேரிங் கடைசிக் காரணம். செலவில்லாத காரணம் ஐந்தாறு அதற்கு முன்னால் நிற்கிறது. டூல் மழுங்கியிருக்கும். டூல் போஸ்ட்டை விட்டு டூல் நீளமாகத் துருத்திக்கொண்டிருக்கும். காம்பவுண்ட் ஸ்லைடை முழுசாக வெளியே இழுத்து வைத்துக்கொண்டு கடைவாய். வேலை மெலிசாக, சப்போர்ட் இல்லாமல் நிற்கும். சென்டர் உயரம் சரியாக இருக்காது. உயரம் பார்க்க ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். உருண்டை ராடுக்கும் டூல் முனைக்கும் நடுவில் ஸ்கேலைச் செருகி மெதுவாக அழுத்து. ஸ்கேல் நேராக நின்றால் உயரம் சரி. அதன் தலை உன் பக்கம் சாய்ந்தால் டூல் கீழே இருக்கிறது, வேலையின் பக்கம் சாய்ந்தால் மேலே இருக்கிறது. ஃபேஸிங் எடுக்கும்போது நடுவில் ஒரு மொட்டு நிற்கிறதென்றாலும் இதே கதைதான்.

வேகமும் முக்கியம். எச்.எஸ்.எஸ். டூலுக்கு எம்.எஸ்.ஸில் நிமிஷத்துக்கு 30 மீட்டர் வெட்டு வேகம் என்று வைத்துக்கொள். அந்த முப்பதை 318-ஆல் பெருக்கி, வேலையின் விட்டத்தால் வகுத்தால் ஆர்.பி.எம். கிடைக்கும். 25 மி.மீ. ராடுக்கு 380 சொச்சம். நீ எவ்வளவில் ஓட்டினாய்? போனில் கேட்ட சத்தத்தைப் பார்த்தால் ஆயிரத்தைத் தொட்டிருக்கும். பார்ட்டிங் டூலுக்கு இதிலும் பாதியாகக் குறை, சக்குக்கு ஒட்டியே வெட்டு, கேரேஜை லாக் பண்ணு. பயந்து பயந்து டூலைக் கொடுத்தால்தான் அது அலறும். வேகத்தைக் குறைத்து, ஃபீடைத் தைரியமாகக் கொடு.

இதெல்லாம் பார்த்த பிறகும் கோடு விழுந்தால், அப்போது ஸ்பிண்டிலைப் பார்க்கலாம். சக்கில் தடித்த ராடு ஒன்றைப் பிடித்து, ஸ்பிண்டில் மூக்கில் டயல் முள்ளை வை. ராடுக்கு அடியில் கட்டை கொடுத்து நெம்பு. முள் 0.01, 0.02 மி.மீ. அசைந்து பழைய இடத்துக்கு வந்தால் பேரிங்கைத் தொடாதே. அதற்கு மேல் அசைந்தாலும் முதலில் அட்ஜஸ்டிங் நட்டைத்தான் பார்க்க வேண்டும். கூம்பு ரோலர் பேரிங் ஆட்டத்தை எடுக்க அந்த நட் போதும். இறுக்கின பிறகு அரை மணி நேரம் ஓட்டி, ஹெட்ஸ்டாக்கின் மேல் உள்ளங்கையை வை. கை பொறுக்கிற சூடு சரி. கையை எடுக்க வைக்கும் சூடென்றால் அதிகம் இறுக்கிவிட்டாய்.

சத்தத்துக்கு ஒரே வழி, பாதி பாதியாகப் பிரிப்பது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டு. சத்தம் போய்விட்டதா? மோட்டாரை மறந்துவிடு. பெல்ட்டை மாட்டி, ஃபீடு கியரை நியூட்ரலில் போட்டு ஓட்டு. இப்போதும் சத்தம் இல்லையென்றால் குறை சேஞ்ச் கியர் பக்கம். ஒரு கியரை இன்னொன்றோடு முட்ட முட்டச் சேர்த்து வைத்திருப்பார்கள். நடுவில் தினசரித் தாள் கிழிசல் ஒன்றைக் கொடுத்துக் கடிக்க வைத்து, நட்டை இறுக்கிவிட்டு, தாளைச் சுற்றி வெளியே எடு. அந்த இடைவெளிதான் வேண்டும். மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால், சிங்கிள் பேஸ் மோட்டாரில் முதலில் கெப்பாசிட்டரைச் சந்தேகி, அடுத்து உள்ளே இருக்கும் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்சை. அதற்காக ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதே.

வி.எஃப்.டி. போட்டு த்ரீ பேஸ் மோட்டார் ஓட்டலாமா என்று கேட்டாய். போடலாம், நல்லதுதான். ஆனால் உன் லேத்தின் ஸ்பிண்டில் மூக்கு மரை போட்டது. வேகமாகச் சுற்றும்போது பட்டனை அழுத்திச் சட்டென்று ரிவர்ஸ் கொடுத்தால், சக் தானாகக் கழன்று வந்து விழும். நிறுத்தி, நின்ற பிறகு திருப்பு. வேகத்தை ரொம்பக் குறைத்து நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் சொந்த ஃபேன் மெதுவாகச் சுற்றி, மோட்டார் சூடாகும். அதற்குப் பழைய முறையிலேயே பெல்ட்டை மாற்றிப் போடு. இன்னொன்று, கூலிக்கு வேலை எடுக்க ஆரம்பித்தால் வீட்டு மின் இணைப்பில் ஓட்டக்கூடாது. அதை முதலிலேயே முறைப்படி மாற்றிக்கொள்.

மரை வெட்டும்போது ஒன்றைக் கவனி. பழைய இந்திய லேத்துகளில் லீட் ஸ்க்ரூ பெரும்பாலும் அங்குலக் கணக்கு, அங்குலத்துக்கு நாலு மரை. அதில் மி.மீ. மரை வெட்ட 127 பல் கியர் வேண்டும். ஒரு அங்குலம் 25.4 மி.மீ., அதை ஐந்தால் பெருக்கினால் 127, கணக்கு அவ்வளவுதான். கியர் டப்பாவில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே தேடு. விற்றவரிடம் விட்டுப்போயிருந்தால், அவர் பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன் போய் வாங்கி வா. அப்படி மி.மீ. மரை வெட்டும்போது ஹாஃப் நட்டைத் திறக்காதே. டூலை வெளியே இழுத்து, மெஷினை ரிவர்ஸில் ஓட்டித் திரும்பக் கொண்டுவா.

இப்போது ஒரு கதை சொல்கிறேன், மெஷினைப் பற்றியது போலத் தோன்றும்.

நான் வேலை பார்த்த இடம் ஒன்றில் (பெயர் வேண்டாம்) பம்ப் செட்டுக்கு 50 மி.மீ. புஷ் ஓடிக்கொண்டிருந்தது. அன்னூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், அப்போதுதான் ஐ.டி.ஐ. முடித்து வந்தவன், அந்த லேத்தில் நின்றான். அவன் மெஷினில் அளந்து சரி என்று வைக்கும் பீஸ், மறுநாள் காலை இன்ஸ்பெக்ஷனில் 0.02 மி.மீ. குறைந்து நிற்கும். அதுவும் மத்தியானத்துக்கு மேல் எடுத்த பீஸ் மட்டும். சாப்பிட்டுவிட்டுத் தூங்கி வழிகிறான், மைக்ரோமீட்டர் பிடிக்கவே தெரியவில்லை என்று ஃபோர்மேன் எல்லோர் முன்னாலும் கத்தினார். பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனுக்கும் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. கொஞ்ச நாளில் ஒவ்வொரு பீஸையும் நாலு தரம் அளந்துகொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்ஷனில் இருந்த வயசாளி ஒருவர் ஒருநாள் மத்தியானம் அந்த லேத்துக்கு வந்தார். வெட்டி முடித்த பீஸைப் பையன் அளந்தான், 50.00. அவர் அதை வாங்கி, பக்கத்தில் இருந்த தண்ணீர் வாளியில் போட்டு, ஒரு பீடி குடிக்கிற நேரம் நின்றுவிட்டு, எடுத்துத் துடைத்துப் பையனிடமே கொடுத்தார். "மறுபடி அள." 49.98. மத்தியானத்தில் கூலன்ட் பம்ப் சரியாக ஊற்றவில்லை, பீஸ் சுடச்சுட வந்துகொண்டிருந்தது. இரும்பு சூட்டில் விரியும், 50 மி.மீ. விட்டம் நாற்பது டிகிரி கூடுதல் சூட்டில் 0.02 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலேயே விரியும். பையன் அளந்தது சரி, மைக்ரோமீட்டரும் சரி, ஆறினதும் பீஸ் சுருங்கியது. அடைத்துக்கொண்ட கூலன்ட் வடிகட்டியைக் கழுவியதும் தகராறு தீர்ந்தது. பையனின் அந்த வாரக் கூலியில் பிடித்த காசைத் திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஃபோர்மேன் கெட்ட மனிதர் இல்லை. ஆள் கண்ணெதிரே நிற்கிறான், வடிகட்டி தொட்டிக்குள் முழுகிக் கிடக்கிறது. கண்ணில் பட்டதன் மேல் பாய்ந்தார். வீட்டிலும் இதைத்தான் பார்க்கிறேன். மருமகள் முகம் கொடுத்துப் பேசவில்லை, பையன் மார்க் குறைந்துவிட்டது, கூட்டாளி கணக்கு ஒப்பிக்கவில்லை என்றால் உடனே ஆளைத் திருகப் போகிறோம். எந்த நேரத்தில் வருகிறது, எப்போது வருவதில்லை என்று பார்ப்பதே இல்லை. அந்தப் பெரியவர் செய்தது அது ஒன்றுதான்: காலையில் எடுத்த பீஸ் ஏன் குறையவில்லை என்று கேட்டார்.

பராமரிப்பு என்றால் ஆயுத பூஜைக்கு முதல்நாள் கழுவுவது என்று நம்ம ஊரில் ஒரு நினைப்பு. வருஷம் முழுக்கச் சுருளும் பிசிரும் மூடிக் கிடந்த மெஷினை அன்றைக்கு மட்டும் பளபளவென்று துடைத்து, வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். வை, நானும் வைத்தவன்தான். ஆனால் பெட்டின் மேலும் ஸ்லைடின் மேலும் வைக்காதே. சந்தனம் தண்ணீரில் குழைத்தது. சரஸ்வதி பூஜைக்கு வைத்துவிட்டு லீவு முடிந்து வந்து பார்த்தால், பொட்டு வைத்த இடத்தில் பொட்டு அளவுக்கே துரு பிடித்திருக்கும். ஹெட்ஸ்டாக் பெயின்டின் மேல் வை, மோட்டார் மேல் வை. எலுமிச்சம்பழத்தை நறுக்கி லேத் மேல் வைக்கவே வைக்காதே, அது புளிப்பு.

தினமும் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஆரம்பிக்கும் முன் பெட்டிலும் ஸ்லைடிலும் 68 கிரேடு ஸ்லைடுவே ஆயில் விட்டு, கையால் கேரேஜை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓட்டு. ஹெட்ஸ்டாக்கில் ஆயில் கண்ணாடியைப் பார். பெட்டில் கிரீஸ் தடவாதே. தூளைப் பிடித்து வைத்துக்கொண்டு உப்புத்தாள் போல அறுக்கும். முடிந்ததும் பிரஷ்ஷால் கூட்டு. கம்ப்ரஸர் காற்று அடித்துச் சுத்தம் செய்கிறவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதே. மேலே சுத்தமாகத் தெரியும். காற்று தள்ளின பொடி ஸ்லைடுக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கும். சேடிலின் நாலு மூலையிலும் ஃபெல்ட் வைப்பர் இருக்கிறதா பார். பழைய லேத்தில் அது கருகிக் கல்லாகியிருக்கும். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவு, தேறாது என்றால் ஃபெல்ட் வாங்கி நறுக்கிப் போடு, சில்லறைக் காசு. வார்ப்பிரும்பு கடைந்த நாளில் மட்டும் கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்கு. அந்தக் கறுப்புப் பொடி எண்ணெயோடு சேர்ந்தால் பசையாகிப் பெட்டைத் தேய்க்கும். போர்ட்டிகோவிலேயே சாணைக் கல்லும் வைத்திருக்கிறாய் என்றால் அதை உடனே வேறு மூலைக்குத் தள்ளு.

சக்கைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் மரையையும் தோளையும் துடை. ஒரு முடி அளவு பிசிர் நடுவில் மாட்டினால் சக் தள்ளாடும், அதற்கும் நீ பேரிங்கைத்தான் திட்டுவாய். த்ரீ ஜா சக்கில் ஒரு தரம் கழற்றிய வேலையைத் திரும்பப் பிடித்தால் அதே இடத்தில் ஓடாது, 0.1 மி.மீ. வரைக்கும் தள்ளி ஓடுவது அதன் குணம். துல்லியம் வேண்டுமானால் ஃபோர் ஜாவில் டயல் வைத்துப் பிடிக்கப் பழகு. எதிரெதிர் தாடையை மட்டும் பார், ஒன்றைத் தளர்த்தி எதிரில் உள்ளதை இறுக்கு, முள்ளின் பாதி தூரம் கொண்டுவா. முதலில் அரை மணி ஆகும், சலிப்பாக இருக்கும். நம்ம பட்டறைகளில் டீ வருவதற்குள் பிடித்துவிடுகிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் கையைப் பார்த்தால் அவசரமே தெரியாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இதில் செல்லம் கிடையாது. கையில் கட்டியிருக்கிற சாமி கயிற்றை அவிழ்த்துவிட்டு லேத்துக்கு நில். மோதிரம், கைச்சங்கிலி, காதில் மாட்டும் ஒயர், முழுக்கைச் சட்டை, கிளவுஸ் எதுவும் கூடாது. கிளவுஸ் பாதுகாப்பு என்று நினைப்பாய். சுற்றுகிற சக் அதைப் பிடித்தால் கையோடு இழுக்கும். சுருளைக் கையால் எடுக்காதே, கொக்கி செய்துகொள். சக் சாவி ஒன்று உன் கையில் இருக்க வேண்டும், இல்லை அதன் இடத்தில் இருக்க வேண்டும். சக்கில் விட்டுவிட்டுத் திரும்பாதே. உங்கம்மாவோ வேறு யாரோ கூப்பிட்டால், மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பு.

கொஞ்ச நாளில் அக்கம்பக்கத்துக்காரர்கள் வர ஆரம்பிப்பார்கள். கிரைண்டர் ரோலர் ஷாஃப்ட், மோட்டார் புல்லி, வண்டி புஷ் என்று தூக்கிக்கொண்டு. சொந்தக்காரர் என்று இனாமாகச் செய்யாதே, குறைவாக வாங்கினாலும் வாங்கு. காசு கொடுத்தவர்தான் பொருந்தவில்லை என்றால் தயங்காமல் திரும்பக் கொண்டுவருவார், உனக்கும் உன் வேலையின் லட்சணம் தெரியும். அளவை வாயால் சொல்வதை நம்பாதே. இன்னமும் நம்ம ஊரில் பாதிப் பேர் நூல் கணக்கில் சொல்வார்கள், ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம்; அதில் பேரிங் ஏறாது. ஷாஃப்ட் கொண்டுவருகிறவரிடம் அதில் மாட்டப் போகிற பேரிங்கையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள். பழசு தேய்ந்துபோனது என்பார்; பரவாயில்லை, அதையும் கொடுங்கள் என்று சொல்.

அப்புச்சி